கிண்டியா, துவாக்குடியா: கலைவிழாவைப் பார்த்துக் கல்லூரியைத் தேர்ந்தெடுப்பவர்களின் தவறுகள்

ஒவ்வோர் ஆண்டும் கலந்தாய்வுப் பேச்சு தொடங்கியதும், என்னிடம் இயற்பியல் படித்த மாணவர்கள் மதிப்பெண் பட்டியலோடு வீட்டுக்கு வந்துவிடுவார்கள். அவர்களில் சிலருக்கு வாய்ப்பது நல்லதொரு குழப்பம்: ஜேஇஇ என்ற தேசிய நுழைவுத் தேர்வு வழியே, துவாக்குடியில் இருக்கும் திருச்சி என்ஐடியில் (தேசியத் தொழில்நுட்பக் கழகத்தில்) ஓர் இடமும், மாநிலப் பொறியியல் கலந்தாய்வு வழியே கிண்டி பொறியியல் கல்லூரியில் அதே பாடப்பிரிவில் ஓர் இடமும் கைக்கு எட்டும் தொலைவில் நிற்கும். இரண்டும் பெயர் பெற்ற கல்லூரிகள் என்பதால், பேச்சு சீக்கிரமே ‘எங்கே கல்லூரி வாழ்க்கை நன்றாக இருக்கும்’ என்பதில் வந்து நின்றுவிடும். நான்காண்டுகள் வாழப்போகும் இடத்தைப் பற்றி இப்படிக் கேட்பதில் பிழையில்லை. விடை தேடும் முறையில்தான், 1998இல் நான் செய்த அதே பிழைகளை இவர்களும் செய்கிறார்கள். கட்டணத்தை விசாரியுங்கள், பாடப்பிரிவைப் பாருங்கள் என்பதை எல்லாரும் சொல்வார்கள் என்பதால், அவற்றை இங்கே விட்டுவிடுகிறேன்.

கலைவிழா இரவை வைத்து முடிவெடுப்பது

நான் பன்னிரண்டாம் வகுப்பு படித்தபோது, பெரியப்பா மகன் அண்ணன் தன் கல்லூரியின் கலைவிழாவுக்கு என்னை அழைத்துப் போனார். எந்தக் கல்லூரி என்பது இங்கே தேவையில்லை. திறந்தவெளி அரங்கில் மெல்லிசை நடந்துகொண்டிருந்தது. ஒவ்வொரு துறை மாணவர்களும் தங்கள் துறையின் பெயரைத் தொண்டை கிழியக் கத்தினார்கள். அண்ணன் தோளில் ஒரு அடையாளப் பட்டை கட்டிக்கொண்டு மேடைக்கும் ஒலிபெருக்கிக்கும் இடையே ஓடிக்கொண்டிருந்தார். படித்தால் இங்கேதான் படிக்க வேண்டும் என்று அன்றே மனத்தில் எழுதிவிட்டேன். கலந்தாய்வில், நான் விரும்பிய மின்னணுவியல் பிரிவு ஒரு நகரக் கல்லூரியில் இருந்தபோதும், இந்தக் கல்லூரியில் வேறொரு பிரிவை வாங்கிக்கொண்டு வெளியே வந்தேன்.

முதலாண்டில் விடுதியில் இடம் இல்லை என்றார்கள். ஆறு கிலோமீட்டர் தள்ளி ஊருக்குள் ஓர் அறை எடுத்துத் தங்கினேன். கல்லூரி வாசலில் கடைசிப் பேருந்து இரவு எட்டேகாலுக்கு. நாடக ஒத்திகையும் இசைக்குழுப் பயிற்சியும் விடுதியில் இரவுச் சாப்பாடு முடிந்தபின், ஒன்பது மணிக்கு மேல்தான் தொடங்கும் என்பது பிறகுதான் தெரிந்தது. இரண்டு மாதம் முட்டி மோதிப் பார்த்துவிட்டு விட்டுவிட்டேன். நான்கு கலைவிழாக்களையும், வெளிக்கல்லூரியிலிருந்து வந்தவர்களோடு உட்கார்ந்து, வெளியாளாகத்தான் பார்த்தேன். இன்றும் ஒரு மாணவர் கைப்பேசியில் முப்பது விநாடி விழாக் காட்சியைக் காட்டி, “சார், இங்கே கூட்டத்தைப் பாருங்கள்” என்று சொன்னால் எனக்கு எரிச்சல் வருகிறது. அந்தக் கூட்டத்தில் எத்தனை பேர் அந்தக் கல்லூரிக்காரர்கள் என்று திருப்பிக் கேட்கிறேன். திருச்சியின் ஃபெஸ்டெம்பர், பிரக்யான் ஆனாலும், கிண்டியின் டெக்கோஃபெஸ், குருக்ஷேத்ரா ஆனாலும் வெளிக்கல்லூரி மாணவர்களையும் வரவழைத்து நடத்தப்படுபவை. வெளியூர்க் கூட்டம் நிறைந்த சில நாள்களை வைத்து ஒரு கல்லூரியின் ஒட்டுறவை அளப்பது, தேர்த்திருவிழா அன்று ஊருக்குள் நுழைந்துவிட்டு இந்த ஊர் எப்போதும் இப்படித்தான் இருக்கும் என்று நம்புவதைப் போன்றது.

பார்க்க வேண்டியது வேறு. ஒரு செவ்வாய்க்கிழமை மாலை ஐந்தரை மணிக்கு, வகுப்பு முடிந்தபின், வளாகத்தில் யார் மிஞ்சுகிறார்கள்? துவாக்குடியில் அநேகமாக எல்லாருமே மிஞ்சுவார்கள். தஞ்சாவூர்ச் சாலையில், திருச்சி நகரிலிருந்து ஏறக்குறைய இருபது கிலோமீட்டர் தள்ளி, சுமார் 800 ஏக்கரில் அமைந்த விடுதி வளாகம் அது. மாணவர்களில் சரிபாதிப் பேர் பிற மாநிலத்தவர், வார இறுதியில் வீட்டுக்கு ஓட முடியாதவர்கள். மாலையில் போக வேறு இடமில்லாததால்தான் அங்கே குழுக்களும் மன்றங்களும் உயிரோடு இருக்கின்றன. கிண்டியில் விடுதி மாணவர்களும் வீட்டிலிருந்து வருபவர்களும் கலந்திருக்கிறார்கள். வகுப்பு முடிந்தால் ஒரு பகுதியினர் சர்தார் படேல் சாலைப் பேருந்து நிறுத்தத்துக்கும், இன்னொரு பகுதியினர் விடுதிக்கும் பிரிந்து போவார்கள். ஆகவே இரண்டிலும் எது உயர்ந்தது என்று பார்க்காமல், அந்த இரண்டு கூட்டத்தில் நீங்கள் எதில் இருப்பீர்கள் என்று பாருங்கள். தாம்பரத்தில் வீடு இருப்பவருக்கும் தர்மபுரியிலிருந்து வந்து விடுதியில் தங்குபவருக்கும் கிண்டி ஒரே கல்லூரி அல்ல. விடுதியில் இடம் உறுதியா என்ற கேள்வியை, விழாவைப் பற்றிய கேள்விக்கு முன்னால் கேட்க வேண்டும். 1998இல் எனக்கு அதைச் சொல்ல ஆளில்லை. அண்ணனுக்கு அது தெரிந்திருந்தும் சொல்லத் தோன்றவில்லை.

நகரம் பக்கத்தில் இருந்தால் நகரம் கிடைத்துவிடும் என்று நம்புவது

1794இல் நில அளவைப் பள்ளியாகத் தொடங்கிய கல்லூரி 1920இல் கிண்டிக்கு இடம் மாறியபோது அது ஊருக்கு ஒதுக்குப்புறம். இன்று சென்னையின் நடு. மின்சார ரயில், மெட்ரோ, பெசன்ட் நகர்க் கடற்கரை, மார்கழிக் கச்சேரிகள், புத்தகக் கண்காட்சி எல்லாம் அரைநாளில் போய்வரும் தொலைவில்தான் இருக்கின்றன. ஆனால் ஆய்வகம் முடிய மாலையாகும். விடுதிக் கதவுக்கு நேரக் கட்டுப்பாடு உண்டு, அது மாணவியருக்குப் பல இடங்களில் இன்னும் கடுமை. கையில் காசும் வேண்டும். நகரத்தால் உண்மையில் பயன் பெறுபவர்கள், ஏற்கெனவே ஒரு வேலையோடு அங்கே போகிறவர்கள்: வீணை வகுப்பைத் தொடர நினைத்த ஒரு மாணவி, வார இறுதியில் நிறுவனம் ஒன்றில் பயிற்சி பெற நினைத்த ஒரு மாணவர். ‘சும்மா சுற்றலாம்’ என்று போனவர்கள் இரண்டாம் ஆண்டுக்குள் ஒரே வணிக வளாகத்துக்கும் ஒரே தேநீர்க் கடைக்கும் சுருங்கிவிடுவதைப் பார்த்திருக்கிறேன். துவாக்குடிக்காரர்களுக்கு மலைக்கோட்டையும் திருவரங்கமும் ஞாயிற்றுக்கிழமைக்கு உரியவை. அது போதும் என்பவர்களுக்கு அதில் குறையில்லை.

வளாகங்களைக் குழப்பிக்கொள்வது

கிண்டி கல்லூரியைப் போலவே அண்ணா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த எம்ஐடி (மெட்ராஸ் தொழில்நுட்ப நிறுவனம்) குரோம்பேட்டையில் இருக்கிறது. கிண்டியில் விழா பார்த்துவிட்டு அதை எடுத்தால், நீங்கள் பார்த்த வளாகத்தில் படிக்கப்போவதில்லை.

ஊருக்குப் போகும் வழியை மறப்பது

2023 டிசம்பர் கடைசியிலிருந்து தென்மாவட்டப் பேருந்துகளுக்கான முனையம் கிளாம்பாக்கம். வெள்ளிக்கிழமை மாலை கிண்டியிலிருந்து அங்கே போய்ச் சேரும் நேரத்தையும் பயணக் கணக்கில் சேருங்கள். மாதம் இருமுறை வீட்டுக்குப் போக நினைக்கும் மதுரை, திண்டுக்கல் பிள்ளைகளுக்கு, இந்த ஒரு கணக்கிலேயே திருச்சி பக்கம் தராசு சாய்ந்துவிடுவதுண்டு.

விழாக் குழுவில் இருக்கும் சீனியரை மட்டும் கேட்பது

அவர் விளம்பரம்தான் செய்வார்.

‘ஃப்ளோட்’ கொடுத்துவிட்டு நிம்மதியாக இருப்பது

மனம் துவாக்குடியில் நிலைத்துவிட்டால், என்ஐடி இடங்களுக்கான தேசியக் கலந்தாய்வுத் தளத்தில் ‘ஃப்ளோட்’ வேண்டாம். பட்டியலில் மேலே இருக்கும் எது கிடைத்தாலும் மாறிக்கொள்ளச் சம்மதம் என்பதே அதன் பொருள். விருப்பப் பட்டியலில் அதற்கு மேலே யோசிக்காமல் எழுதிவைத்த வேறொரு கல்லூரி அடுத்த சுற்றில் கிடைத்தால், கையிலிருக்கும் துவாக்குடி இடம் தானாகவே போய்விடும். அதே கல்லூரிக்குள் பாடப்பிரிவு மட்டும் மேம்பட வேண்டுமென்றால் ‘ஸ்லைடு’, எதுவுமே மாற வேண்டாமென்றால் ‘ஃப்ரீஸ்’.