‘அண்டர் த வெதர்’ மேனேஜருக்கு மட்டும்

ஆங்கிலம் பேசும் நாட்டுக்கு வந்த முதல் வாரமே பக்கத்து கிளினிக்கில் பெயரைப் பதிந்துவிடுங்கள். வேலையில் லீவை யாரிடம் சொல்ல வேண்டும் என்றும் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். இதெல்லாம் யாராவது சொல்லித் தருவார்கள். உடம்பு சரியில்லை என்பதை ஆங்கிலத்தில் எப்படிச் சொல்வது என்று மட்டும் யாரும் சொல்வதில்லை.

‘ஐ ஃபீல் சிக்’ என்றால் பிரிட்டிஷ்காரர் குமட்டல் என்று எடுத்துக்கொள்வார். அமெரிக்கருக்கு அது பொதுவாக உடம்பு சரியில்லை. நம் ‘லூஸ் மோஷன்’ பல பேருக்குப் புரியாது. டாக்டரிடம் கூச்சப்படாமல் ‘டயரியா’ என்று சொல்லுங்கள். ஆபீஸில் ‘ஸ்டமக் பக்’ போதும், விவரம் வேண்டாம். லேசான காய்ச்சல், அசதி என்றால் மேனேஜருக்கு ‘எ பிட் அண்டர் த வெதர்’ (கொஞ்சம் உடம்பு சரியில்லை) என்று ஒரு வரி எழுதினால் அழகாக முடிந்துவிடும்.

நான் அந்த வரியை நர்ஸிடம் சொன்னேன். மூன்று நாளாகக் காய்ச்சல், இருமல். கிளினிக்குக்கு போன் போட்டேன். எப்படி இருக்கிறீர்கள் என்று அவர் கேட்டதும், பள்ளிக்கூடத்தில் பழகிய ‘ஃபைன், தேங்க் யூ’ தானாக வாயில் வந்தது. அப்புறம், ‘ஜஸ்ட் எ பிட் அண்டர் த வெதர்.’ பக்கத்தில் நின்ற என் மனைவி, “உள்ளதைச் சொல்லுங்க” என்று கையைப் பிடித்து உலுக்கினாள். நான் கேட்கவில்லை. ஓய்வெடுங்கள், நிறையத் தண்ணீர் குடியுங்கள் என்று சொல்லி நர்ஸ் போனை வைத்துவிட்டார். நான்கு நாள் கழித்து மூச்சை இழுத்தாலே நெஞ்சு வலித்தது. நிமோனியா என்றார்கள். இன்னும் ஒரு கேள்வி கேட்டிருக்கலாமே என்று அவர் மேல் எனக்கு இன்றும் கோபம் உண்டு. ஆனால் அவருக்குக் கிடைத்தது என் வார்த்தை மட்டும்தான். அம்மாவாக இருந்தால் கழுத்தில் கை வைத்தே கண்டுபிடித்திருப்பார்.

அதனால் மரியாதைக்காக ‘எ பிட்’, ‘எ லிட்டில்’ எல்லாம் டாக்டரிடம் சேர்க்காதீர்கள். எத்தனை நாள், எவ்வளவு சூடு, கூடுகிறதா குறைகிறதா, இந்த மூன்றும் போதும். ‘ஃபீவர் ஃபார் த்ரீ டேஸ், தர்ட்டி நைன் டிகிரீஸ், கெட்டிங் வர்ஸ்.’ இலக்கணம் தப்பானாலும் பரவாயில்லை. மூச்சு விட்டால் வலிக்கிறது என்றால் அதை முதலில் சொல்லுங்கள்: ‘இட் ஹர்ட்ஸ் வென் ஐ ப்ரீத்.’

வீட்டில் ஒரு தெர்மாமீட்டர் இருக்கட்டும். 38 டிகிரி செல்சியஸைத் தொட்டால் பொதுவாகக் காய்ச்சல் என்றே கணக்கு, ஃபாரன்ஹீட்டில் 100.4. எண்ணைக் குறித்துக்கொண்ட பிறகு போனை எடுங்கள்.