பெயின்ட் அடித்தால் போதாது: புதுச்சேரியில் ஹோம்ஸ்டே நடத்துபவர்கள் கோடைக்கு முன் செய்யும் தவறுகள்

புதுச்சேரியில் வீட்டை நாள் வாடகைக்கு விடுபவர்களிடம் கோடைக்கு என்ன ஏற்பாடு என்று கேட்டால், பெயின்ட், திரைச்சீலை, புது போட்டோ என்றுதான் பெரும்பாலும் பதில் வரும். வந்து தங்கிவிட்டுப் போகிறவர்கள் திட்டி எழுதுவதோ தண்ணீரையும் ஏசியையும் பற்றி. சுவர் மஞ்சளாக இருந்தால் ஒயிட் டவுனுக்கு அழகு. குழாய்த் தண்ணீர் மஞ்சளாக வந்தால் ஒரு ஸ்டார்தான் கிடைக்கும்.

முதல் தவறு, காலம் தப்புவது. ஏப்ரலில் பள்ளிகள் மூடத் தொடங்கியதும் சென்னை, பெங்களூரு வண்டிகள் வரிசையாக வந்துவிடும். மே மாதம் பிறந்தால் கத்திரி. அந்த நேரத்தில் ஏசி மெக்கானிக்கைக் கூப்பிட்டால் "நாளைக்கு வரேன் சார்" என்பார். அது எந்த நாளை என்று அவருக்கே தெரியாது. மாசி மாதத்திலேயே சர்வீஸை முடித்துவிட வேண்டும்.

கடலோர வீட்டில் ஃபில்டரை மட்டும் கழுவினால் அது சர்வீஸ் ஆகாது. மொட்டை மாடியில் நிற்கும் அவுட்டோர் யூனிட்டின் காயிலை உப்புக் காற்று அரித்துக்கொண்டே இருக்கும். அதை நல்ல தண்ணீரில் கழுவச் சொல்லுங்கள். உங்கள் போர் தண்ணீர் உப்பாக இருந்தால் அதில் கழுவுவது வீண். அப்புறம் டிரெய்ன் பைப். உள்ளே இருக்கும் யூனிட்டின் தட்டில் ஒரு பாட்டில் தண்ணீரை ஊற்றி, குழாய் வழியாகத் தடையில்லாமல் வெளியே போகிறதா என்று பாருங்கள். இப்போது போகாத தண்ணீர், மே மாதத்து ராத்திரி இரண்டு மணிக்குத் தூங்குகிறவர் தலைமேல் சொட்டும்.

ஏசி நன்றாக இருந்தாலும் கரண்ட் தாங்க வேண்டுமே. ஒன்றரை டன் ஏசி ஒன்று சுமார் ஒன்றரை கிலோவாட் இழுக்கும். மூன்று அறையில் மூன்று ஏசி ஓட, கூடவே மோட்டாரையும் அயர்ன் பாக்ஸையும் போட்டால், குடும்பம் மட்டும் குடியிருந்த காலத்தில் வாங்கிய லோடு, அதாவது இணைப்புக்கு அனுமதி வாங்கிய கரண்ட் அளவு, போதாது. எவ்வளவு லோடு வாங்கியிருக்கிறீர்கள் என்பது பில்லிலேயே இருக்கும். குறைவாக இருந்தால் கரண்ட் ஆபீஸில் எழுதிக் கொடுத்து இப்போதே கூட்டிக்கொள்ளுங்கள். ஏசி பிளக் கழற்றும்போது கருகலோ உருகலோ தெரிந்தால், எலக்ட்ரீஷியனைக் கூப்பிடாமல் அந்த அறையை யாருக்கும் கொடுக்காதீர்கள்.

இன்னொன்று, "பவர் பேக்அப் உண்டு" என்று மூன்று வார்த்தையில் முடித்துவிடுவது. உங்கள் மனதில் இருப்பது ஃபேனும் லைட்டும் ஓடும் இன்வெர்ட்டர். படிக்கிறவர் மனதில் ஓடுவது ஏசி. "கரண்ட் போனால் ஃபேன், லைட் மட்டும் ஓடும்" என்று எழுதிவிடுங்கள். அதைப் படித்துவிட்டு வேறு வீட்டுக்குப் போகிறவர் போகட்டும். ஏமாந்து வந்து சண்டை போடுகிறவரைவிட அவர் எவ்வளவோ மேல்.

தண்ணீர்க் கணக்கைப் பலர் போடுவதே இல்லை. நகரத்தில் ஒருவருக்கு ஒரு நாளைக்கு 135 லிட்டர் என்பது வழக்கமான கணக்கு. எட்டுப் பேருக்கு 1,080 லிட்டர். ஆனால் விடுமுறைக்கு வந்தவர்கள் வீட்டில் இருப்பதுபோல் குளிக்க மாட்டார்கள். காலையில் ஒரு குளியல், கடலில் இறங்கிவிட்டு வந்து உப்பு போக இன்னொன்று, படுக்கும் முன் மூன்றாவது. மாடியில் இருப்பது ஆயிரம் லிட்டர் டேங்க் ஒன்றுதான் என்றால், மோட்டார் போட ஆள் இல்லாத நேரம் பார்த்துத்தான் அது காலியாகும். தண்ணீர் லாரிக்காரர் இரண்டு பேருடைய நம்பராவது கையில் இருக்கட்டும். கறுப்பு பிளாஸ்டிக் டேங்க் என்றால் மேலே கீற்றுப் பந்தல் ஒன்று போடுங்கள். இல்லாவிட்டால் மதியம் இரண்டு மணிக்கு வந்து இறங்கி, ஷவரைத் திறக்கிற குழந்தை அலறும். வாசலருகே கால் கழுவ ஒரு குழாய் இருந்தால் கடல் மணல் பாத்ரூமுக்குள் போய்க் குழாயை அடைக்காது. செப்டிக் டேங்கையும் சீசனுக்கு முன்னாலேயே சுத்தம் செய்துவிடுங்கள். அது நிரம்பினால் என்ன ஆகும் என்று விவரிக்க வேண்டியதில்லை.

நீச்சல் குளம் உள்ள வில்லாக்காரர்களுக்கு ஒரே வரி: வெயிலில் குளோரின் சீக்கிரம் போய்விடும், அதனால் சாயங்காலத்தில் போட்டு, காலையில் அளவு பாருங்கள்.

புக்கிங் விஷயத்தில், இரண்டு மூன்று தளங்களில் வீட்டைப் போட்டுவிட்டு, காலண்டரை இணைத்தாயிற்று, இனிக் கவலையில்லை என்று இருப்பது தவறு. ஒன்றில் புக் ஆனது மற்றதில் தெரியச் சில மணி நேரம்கூட ஆகலாம். மே மாத சனிக்கிழமைக்கு அந்த இடைவெளியே போதும், ஒரே வீட்டுக்கு இரண்டு குடும்பம் பெட்டியோடு வந்து நிற்க. பரபரப்பான தேதிகளைக் கையாலேயே அடைத்துவிடுங்கள். போனில் அட்வான்ஸ் வாங்கிய மச்சான் அதைக் காலண்டரில் ஏற்றினாரா என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள்.

பதினொரு மணிக்குச் செக்-அவுட், பன்னிரண்டுக்குச் செக்-இன் என்று வைப்பது பேராசை. சுத்தம் செய்கிற அக்காவுக்கு மூன்று மணி நேரமாவது வேண்டும். கட்டிலுக்கு மூன்று செட் விரிப்பு: ஒன்று கட்டிலில், ஒன்று அலமாரியில், ஒன்று துவைப்பில். சீசனில் அவருக்குக் கூலி கூட்டிக் கொடுங்கள். ஊர்த் திருவிழாவுக்கு அவர் எந்தெந்த நாள் வரமாட்டார் என்பதையும் முன்கூட்டியே கேட்டு வையுங்கள்.

எல்லை விஷயம் வெளியூர்க்காரர்களுக்குத் தெரியாது. சொல்ல வேண்டியது நீங்கள்தான். செரினிட்டி பீச் பக்கத்து வீடுகளை எல்லோரும் "பாண்டி வில்லா" என்றே விளம்பரம் செய்கிறார்கள். ஆனால் அங்குள்ள தந்திராயன்குப்பம், கோட்டக்குப்பம் எல்லாம் விழுப்புரம் மாவட்டம், அதாவது தமிழ்நாடு. புதுச்சேரியில் மது வாங்கிக்கொண்டு அந்த வீட்டுக்கு வந்தால் மாநில எல்லை தாண்டிக் கடத்திய கணக்கில் வந்துவிடும். கடலூர் பக்கம் வீடு வைத்திருப்பவர்களுக்கும் இதே கதைதான். புக் ஆனதும் அனுப்பும் வாட்ஸ்அப் செய்தியிலேயே இதை எழுதிவிடுங்கள். ஒயிட் டவுன் வீடு என்றால், கடற்கரைச் சாலையில் மாலை 6 மணி முதல் காலை 7.30 வரை வண்டி போகாது என்பதையும், காரை எங்கே நிறுத்துவது என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

வெளிநாட்டு பாஸ்போர்ட்காரர் தங்கினால் 24 மணி நேரத்துக்குள் இணையத்தில் பதிவு செய்ய வேண்டும். வெள்ளைக்காரருக்கு மட்டும்தான் இது என்று பலர் நினைக்கிறார்கள். நம் ஊரில் பேச்சு அசல் பாண்டித் தமிழாக இருக்கும், பாஸ்போர்ட் பிரெஞ்சாக இருக்கும். பேரைப் பார்த்து முடிவு செய்யாமல் அடையாள அட்டையைப் பாருங்கள்.

கடலைப் பற்றியும் ஒரு வார்த்தை. நம் கடற்கரையில் இழுவை அதிகம். ஆழம் தெரியாமல் இறங்கி ஆண்டுதோறும் உயிர் போகிறது. எங்கே இறங்கக் கூடாது என்பதை வீட்டு வாசலில் பெரிய எழுத்தில் ஒட்டுங்கள். சாவி கொடுக்கும்போது வாயாலும் சொல்லுங்கள்.

கடைசியாகச் சாப்பாடு. "பிடித்த மீனை அப்படியே சமைத்துத் தருவோம்" என்று விளம்பரத்தில் போடுகிறவர்கள் மீன்பிடித் தடையை மறந்துவிடுகிறார்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கடலுக்குப் போகாது. நம் சீசன் முழுக்க இந்த 61 நாளுக்குள்தான் வருகிறது. நாட்டுப் படகுக்காரர்கள் கரையோரம் பிடித்து வருவது கொஞ்சம், விலையோ எக்கச்சக்கம். அதனால் "அன்றைக்குக் கிடைக்கும் மீன், அன்றைய விலை" என்று போடுங்கள். வந்து இறங்கியதும் ஒரு தட்டு நுங்கோ பண்ருட்டிப் பலாச்சுளையோ வையுங்கள். வஞ்சிரம் கேட்டு அடம்பிடிப்பவரை ஜூன் கடைசியில் வரச் சொல்லுங்கள். வாடகையும் அப்போது கொஞ்சம் குறைவாக இருக்கும்.