மான் வரும் தோட்டத்தில் படர் ரோஜா

முள் இருக்கிறதே, ரோஜாவை மான் எப்படித் தின்னும் என்று நிறைய பேர் கேட்கிறார்கள். மான் தின்பது முற்றிய கிளையை அல்ல, கொழுந்தை. புதுத்தளிர் வரும்போது அதிலுள்ள முள்ளும் சிவப்பாக, நகத்தால் தள்ளினாலே சாய்கிற பிஞ்சாகத்தான் இருக்கும், அதனால் தளிர், மொட்டு, இளங்காம்பு எல்லாம் ஒரே வாயில் போய்விடும். தரையோடு படர்கிற ரகம் என்றால் எட்டிப் பிடிக்கிற சிரமம்கூட அதற்கு இல்லை.

சிவகங்கை மாவட்டத்தில் திருப்பத்தூர், சிங்கம்புணரி பக்கம் காட்டோரத்தில் வீடு உள்ளவர்களுக்கு இது நன்றாகத் தெரியும். கோடையில் கண்மாய் வற்றினால் புள்ளிமான் தண்ணீர் தேடி ஊருக்குள் வரும், வந்த இடத்தில் பச்சையைப் பார்த்தால் விடாது. ஆனால் கடித்தது மான்தானா என்று முதலில் பாருங்கள். கத்தரியால் வெட்டியது போல நுனி சாய்வாக, சுத்தமாக இருந்தால் அது முயல். பிய்த்து இழுத்தது போல நார் தொங்கினால் மான் அல்லது ஆடு, இரண்டுக்கும் மேல்தாடையில் முன்பல் கிடையாது. ஆடு பகலில் வரும். மான் பெரும்பாலும் இருட்டிய பிறகோ விடிவதற்கு முன்போ வந்து போய்விடும்.

நர்சரியில் படர் ரோஜா என்று கேட்டால் கொடி ரோஜாவைக் கொடுத்துவிடுவார்கள், அது வேறு. வளர்ந்த செடியைக் காட்டச் சொல்லி, உயரத்தைவிட அகலம் கூடுதலாக இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். முடிந்தவரை ஒட்டுச்செடி வேண்டாம், கிளையை மண்ணில் பதித்துச் சொந்த வேரிலேயே வளர்த்த பதியன் செடியே நல்லது. மான் அடியோடு மேய்ந்துவிட்டாலும் பதியன் செடி அதே ரகமாகத்தான் மறுபடி துளிர்க்கும், ஒட்டுச்செடியில் கீழே இருக்கிற காட்டு ரோஜா எழும்பிவிடும்.

நம்ம ஊர் சரளைச் செம்மண்ணில் ஒன்றரை அடிக்குக் குழி எடுத்து, மக்கிய சாணமும் இரண்டு கைப்பிடி வேப்பம்புண்ணாக்கும் கலந்து, மூன்றடி இடைவெளியில் புரட்டாசியில் வையுங்கள், ஐப்பசி மழைக்குள் வேர் பிடித்துக்கொள்ளும். காலை வெயிலும் மதியத்துக்கு மேல் நிழலும் உள்ள இடம் போதும். கடலைத் தோலை மூடாக்காகப் போடலாம், தண்டை ஒட்டிப் போட்டால் மட்டும் கரையான் ஏறும்.

இனிமேல்தான் முக்கியமான வேலை. பாத்தியைச் சுற்றி வெளிவரிசையில் ஆடாதொடை வையுங்கள். எங்கள் ஆயா இருமலுக்காகக் கொல்லை வேலி ஓரம் வளர்த்த செடிதான், ஆடு தொடாத இலை என்பதே அதன் பெயர். அதன் கசப்பு மானுக்கும் பிடிக்காது. உள்வரிசையில் நித்தியகல்யாணி, திருநீற்றுப்பச்சிலை. இதனால் மான் வரவே வராது என்று சொல்லமாட்டேன், கோடைப் பசியில் எதையும் கடித்துப் பார்க்கும், ஆனாலும் வழக்கமாக வருகிற வழி மாறும்.

கூடவே முட்டைக் கரைசலும் வேண்டும். ஒரு லிட்டர் தண்ணீருக்கு ஒரு முட்டை, நன்றாக அடித்து இரண்டு நாள் மூடி வைத்து, வடிகட்டி, சாயங்காலம் தளிர் மேல் தெளியுங்கள். பத்து நாளுக்கு ஒருமுறை, மழை பெய்தால் உடனே இன்னொரு முறை. நேற்று தெளித்த பிறகு இன்று முளைத்த கொழுந்தில் மருந்து இல்லை என்பதை மறந்துவிடுகிறார்கள், மான் அதைத்தான் தேடும். சாமிக்குப் பறிக்கிற பூவில் மட்டும் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

வேலி போடுவதென்றால் எட்டடி வேண்டும், அதற்குக் குறைந்தால் தாண்டிவிடும். ஆறடி மதில் இருந்தால் சரி, அந்தப் பக்கம் கால் ஊன்ற என்ன இருக்கிறது என்று தெரியாத இடத்தில் மான் குதிக்கத் தயங்கும். வயலில் பழைய சேலை கட்டுவதும் இதே கணக்கில்தான், ஆள் உயரத்துக்கு மேல் இழுத்துக் கட்டுங்கள். தொங்குகிற நைலான் வலையை மட்டும் தயவுசெய்து போடாதீர்கள், கொம்பு சிக்கினால் இழுத்து இழுத்தே மான் செத்துப்போகும். மின்கம்பியும் கூடாது. 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி மானைக் கொல்வது குற்றம், அதைவிட, தண்ணீருக்காக வந்த வாயில்லா ஜீவன் அது.

இவ்வளவு செய்தும் ஒரு நாள் மேய்ந்துவிட்டால் செடியைப் பிடுங்கிப் போடவேண்டாம். கிழிந்த நுனிக்குக் கீழே, வெளிப்பக்கம் பார்த்த கணுவுக்கு மேல் கத்தரியால் சுத்தமாக வெட்டிவிட்டு, ஒரு வாரம் தண்ணீர் மட்டும் கொடுங்கள். துளிர் கண் திறந்த பிறகு உரம் போடலாம். ஒன்றரை மாதத்தில் மொட்டு பார்த்துவிடலாம்.