விண்கல மாடல் ஏன் பொம்மையாகத் தெரிகிறது? கிட் கட்டுவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

என் அலமாரியில் இரண்டு எக்ஸ்-விங் நிற்கின்றன; ஸ்டார் வார்ஸ் படத்தில் வரும் போர்க்கலம். இரண்டும் ஒரே கிட், அதாவது பாகங்களாக வாங்கி நாமே கட்டுகிற மாடல் பெட்டி. கட்டியதில்தான் நான்கு வருட இடைவெளி. வீட்டுக்கு வருகிறவர்கள் முதலாவதைப் பார்த்து "பொம்மை நல்லாருக்கே" என்பார்கள். இரண்டாவதைப் பார்த்தால் ஒன்றும் சொல்லாமல் குனிந்து கிட்டே போவார்கள்.

பண்டாய் என்ற ஜப்பானிய நிறுவனம் 2014-ல் கொண்டுவந்த 1/72 (அசலில் எழுபத்திரண்டில் ஒரு பங்கு) எக்ஸ்-விங்கின் நீளம் சுமார் 17 செ.மீ. கதைப்படி அந்தக் கலம் 12.5 மீட்டர். 17 செ.மீ. பிளாஸ்டிக்கைப் பார்க்கிற கண் பன்னிரண்டு மீட்டரை நம்ப வேண்டும், வேலை அவ்வளவுதான். காரையோ விமானத்தையோ நாம் நேரில் பார்த்திருப்பதால், மாடலில் பிசகிருந்தாலும் மனசு இட்டு நிரப்பிவிடும். இந்தக் கதை விண்கலங்களை யாரும் நேரில் பார்த்ததில்லை. அளவைச் சொல்ல அதன் மேற்பரப்பைத் தவிர வேறு சாட்சி கிடையாது. அதனால் ஒவ்வொரு தவறையும் அந்த 72, 1000 போன்ற விகித எண்ணால் பெருக்கிப் பாருங்கள்.

இணைப்புக் கோட்டிலிருந்தே தொடங்கலாம். இன்ஜின் குழல்கள் பெரும்பாலும் இரண்டு பாதிகளாக வரும். ஒட்டியபின் நடுவில் 0.3 மி.மீ. இடைவெளி இருந்தால் கையில் தட்டுப்படாது. ஸ்டார் டிரெக் தொடரின் கலமான எண்டர்பிரைஸின் 1/1000 மாடலில் அதுவே 30 செ.மீ. பிளவு; உள்ளே ஆள் கைவிடலாம். "பெயின்ட் அடித்தால் மறைந்துவிடும்" என்று விடுவதுதான் எல்லாருடைய முதல் தவறு. பெயின்ட் எதையும் மறைக்காது, கோட்டை இன்னும் எடுத்துத்தான் காட்டும். பிளாஸ்டிக் சிமென்ட்டை (பிளாஸ்டிக்கையே இளக்கி ஒட்டும் பசை) இரு விளிம்பிலும் தடவி, லேசாகப் பிதுங்கி வரும்வரை அழுத்துங்கள். இடைவெளியை அடைக்கும் பட்டியின் (putty) பாதி வேலையை அந்தப் பிதுக்கமே செய்துவிடும். ஒரு நாள் முழுக்க விட்டு, 400, 600, 1000 என்று வாட்டர் பேப்பரை நனைத்துத் தேயுங்கள். அன்று மாலையே தேய்த்தால் உள்ளே இன்னும் இளகியிருக்கும். அடுத்த வாரம் அது காய்ந்து சுருங்கும்போது கோடு பள்ளமாகத் திரும்பி வரும்.

ஸ்ப்ரூவிலிருந்து (பாகங்கள் ஒட்டி வரும் பிளாஸ்டிக் சட்டம்) பாகத்தைக் கையால் முறுக்கிப் பிய்க்காதீர்கள். நிப்பரால் முதலில் சற்றுத் தள்ளி வெட்டி, மிச்சத்தை இரண்டாம் வெட்டில் எடுங்கள்.

அடுத்தது பெயின்ட்டைக் கரைக்கும் தின்னர். ஹார்டுவேர் கடையில் கிடைக்கும் என்.சி. தின்னர் விலை மலிவு. மரத்துக்கும் இரும்புக்கும் தோதானது. ஆனால் கிட் செய்கிற பாலிஸ்டைரீனை அது கரைத்துவிடும். என் முதல் கலத்தில் தவறாக விழுந்த சிவப்பை, அதில் நனைத்த துணியால் துடைத்தேன். சிவப்பு போனது. கூடவே இறக்கையின் மேற்பரப்பும் மெழுகுபோல் இளகி, அழுத்தியிருந்த கட்டைவிரல் ரேகை அப்படியே பதிந்துவிட்டது. இன்றும் இருக்கிறது. 72-ஆல் பெருக்கினால் கிட்டத்தட்ட ஒன்றரை மீட்டர் நீளக் கட்டைவிரல். அக்ரிலிக் பெயின்ட்டை எடுக்க ஐசோபுரோபைல் ஆல்கஹால் போதும். வண்டிகளுக்கு அடிக்கும் ஸ்பிரே கேனையும் நேராகக் கலத்தின்மேல் அடிக்காதீர்கள். வேண்டாத ஸ்ப்ரூ துண்டில் ஒரு தடவை அடித்துப் பார்த்துவிடுங்கள்.

பெயின்ட் தடிமன்தான் என் கணக்கில் மகா பாவம். 1977-ல் வந்த முதல் ஸ்டார் வார்ஸ் படத்துக்கான கலங்களைச் செய்தவர்கள் டாங்கி, விமான, கார் கிட்களின் உதிரிகளை நூற்றுக்கணக்கில் எடுத்து ஒட்டினார்கள். அவற்றுக்கு ஒரு வேலையும் கிடையாது. கண்ணுக்குப் பிடிபடாத அளவு சிறிய விவரம் நிறைய இருந்தால் பொருள் பெரிது என்று மனசு நம்பிவிடும், அதற்காகத்தான். கிட்டின் அச்சில் அந்தக் குழாயும் பெட்டியும் கூர்மையாக வந்திருக்கும். டப்பாவில் இருந்தபடியே பிரஷ்ஷால் அப்பினால் எல்லாம் பாயசத்தில் முங்கிய முந்திரி ஆகிவிடும். பாலைப் போல் ஓடும் பதத்துக்குக் கரைத்து, மூன்று நான்கு மெல்லிய பூச்சாக அடியுங்கள். முதல் பூச்சு திட்டுத்திட்டாகத்தான் தெரியும், பதறாதீர்கள்.

காய்ந்துவிட்டதா என்று தொட்டுப் பார்க்காமல் மோந்து பாருங்கள். மூக்கருகே வைத்து தின்னர் வாசனை வந்தால் இன்னும் காயவில்லை.

சென்னையில் இருப்பவர்களுக்குத் தனியாக ஒன்று. ஐப்பசி, கார்த்திகை மழையில் லேக்கர் (வேகமாக ஆவியாகும் கரைப்பான் கலந்த பெயின்ட்) ஸ்பிரே அடிக்காதீர்கள். கரைப்பான் வேகமாக ஆவியாகும்போது மேற்பரப்பு குளிர்ந்து, காற்றின் ஈரம் அதன்மேல் படிந்து, கறுப்பு பெயின்ட் சாம்பல் பூத்துவிடும். வெயில் வரும்வரை தேய்க்கிற வேலையைப் பாருங்கள். எந்த ஊரானாலும் ஜன்னலைத் திறந்து, முகமூடி போட்டு அடியுங்கள்.

நிறத்திலும் ஒரு கணக்கு உண்டு. தூய வெள்ளையும் தூய கறுப்பும் சின்ன மாடலில் பிளாஸ்டிக்காகவே தெரியும். வெள்ளையில் துளி சாம்பல் சேருங்கள்; கறுப்புக்குப் பதில் அடர்சாம்பல். பேனல் லைனும், அதாவது உடலின் தகடுகளைப் பிரிக்கும் கோடுகளும், இப்படித்தான். எல்லாக் கோட்டிலும் கறுப்பு வாஷ் (பள்ளங்களில் ஓடவிடும் நீர்த்த பெயின்ட்) விட்டால் கலம் வரைபடத்தாள் ஆகிவிடும். உடல் நிறத்தைவிட இரண்டு படி அடர்ந்த சாம்பலோ பழுப்போ போதும். 1966 ஸ்டார் டிரெக் தொடருக்காகச் செய்த 11 அடி எண்டர்பிரைஸ் இப்போது வாஷிங்டனில், ஸ்மித்சோனியன் விமான விண்வெளி அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அதன் வட்டத் தட்டின் மேலுள்ள கட்டக்கோடுகள் வெறும் பென்சிலால் போட்டவை. 11 அடிக்கே பென்சில் போதுமென்றால், ஒரு அடி மாடலில் மார்க்கர் பேனாவுக்கு என்ன வேலை? 1979-ல் வந்த ஸ்டார் டிரெக் படத்தின் எண்டர்பிரைஸுக்கு முத்துப்பளபளப்பு பெயின்ட்டில் கட்டம் கட்டமாக அடித்திருந்தார்கள். வெளிச்சம் திரும்பும்போதுதான் கட்டங்கள் தெரியும். அதைச் செஸ் போர்டு மாதிரி அடிக்கிறவர்கள் உண்டு. உழைப்பைப் பார்த்தால் பாவமாக இருக்கும்.

எனாமல் பெயின்ட்டில் தின்னர் கலந்த வாஷை வெறும் பிளாஸ்டிக்கில் ஓடவிடாதீர்கள். பசையில்லாமல் அழுத்திப் பொருத்தும் கிட்களில் இது ரொம்ப முக்கியம். பொருத்திய இடத்தில் பிளாஸ்டிக் இறுக்கத்தில் இருக்கும். தின்னர் அங்கே கசிந்தால் மறுநாள் காலையில் விரிசல். அக்ரிலிக் பெயின்ட், அதன்மேல் பளபளப்பான கிளியர் கோட் (நிறமில்லாத பூச்சு), அதற்குப் பிறகே வாஷ்.

அதே கிளியர் கோட் டீகாலுக்கும் (கலத்தின்மேல் ஒட்டும் மெல்லிய சின்னம், எழுத்து) வேண்டும். சொரசொரப்பான, பளபளப்பில்லாத மேட் பரப்பில் டீகால் ஒட்டினால், அடியில் காற்று சிக்கி வெள்ளித் திட்டாக மின்னும். அது டீகால் நிறுவனத்தின் குற்றமல்ல. ஒட்டியபின் தெரிந்தால் ஊசி முனையால் குத்தி, ஒரு சொட்டு டீகால் சாஃப்ட்னர் (டீகாலை இளக்கும் திரவம்) விடுங்கள். அப்போது டீகால் சுருங்கிக் கோரமாகும். கை வைக்காதீர்கள், தானே படியும். வைத்தால் கிழியும்.

விளக்குப் போடுகிறவர்கள் மறப்பது, பிளாஸ்டிக் ஒளியை விடும் என்பதை. ஒட்டி முடித்து எல்.இ.டி.யை ஏற்றினால் கலம் முழுக்க நாட்டுக் கோழி முட்டையை டார்ச் முன் பிடித்த மாதிரி ஜொலிக்கும். பாதிகளை ஒட்டுவதற்கு முன்பே உள்பக்கம் கறுப்பு, அதன்மேல் வெள்ளி அடித்து, இருட்டறையில் ஏற்றிப் பாருங்கள். 9 வோல்ட் பேட்டரியில் வெள்ளை எல்.இ.டி. ஒன்றுக்கு 330 ஓம் ரெசிஸ்டர் சரிவரும், எல்.இ.டி. 3 வோல்ட் எடுத்ததுபோக மீதி 6 வோல்ட்டுக்கு சுமார் 18 மில்லியாம்பியர். சென்னையின் எலெக்ட்ரானிக்ஸ் சந்தையான ரிச்சி தெருவில் ரெசிஸ்டர் சில்லறைக் காசு. அதை மிச்சம் பிடித்து நேராகப் பேட்டரியில் இணைத்தால் எரிந்துபோகும், அப்புறம் ஒட்டிய கலத்தை உடைக்க வேண்டியதுதான்.

அழுக்கடிப்பது சுகமான வேலை. அதனாலேயே அளவு மீறுகிறோம். எக்ஸ்-விங் தரையிறங்கி எழும்பி அடிபட்ட வண்டி. புகைக்கறையும் உதிர்ந்த பெயின்ட்டும் அதற்குப் பொருந்தும். தரையையே தொடாத எண்டர்பிரைஸின் பக்கவாட்டில் மழைநீர் வழிந்த கறை எங்கிருந்து வரும்? கறை எதனால் வந்தது என்று ஒரு வரியில் சொல்ல முடியாவிட்டால் அதைப் போடாதீர்கள்.

கடைசியில் விமானி அறையின் கண்ணாடி மூடி. இதை சூப்பர் குளூவால் ஒட்டாதீர்கள். அதன் ஆவி படிந்து கண்ணாடி வெளுத்துவிடும். சாதாரண வெள்ளைப் பசை போதும், காய்ந்தால் கண்ணுக்கே தெரியாது. பெயின்ட் படாமலிருக்க மூடிமேல் ஒட்டிய மாஸ்கிங் டேப்பை, இறுதி மேட் பூச்சு காய்ந்த பிறகே உரியுங்கள். நான் ஆசை தாங்காமல் முன்பே உரித்து, மேலே மேட் அடித்துவிட்டேன். முதல் எக்ஸ்-விங்கின் விமானி இன்னும் மார்கழிப் பனிக்குள்தான் உட்கார்ந்திருக்கிறார்.