உப்புக்காத்து ஊரில் ஆடியோ பிராசஸர் மாட்டுவது எப்படி

ஆடியோ பிராசஸர் என்றால், மிக்ஸரிலிருந்து வருகிற சத்தத்தின் ஏற்ற இறக்கத்தைச் சீராக்கி டிரான்ஸ்மிட்டருக்கு அனுப்புகிற பெட்டி. பாம்பன், மண்டபம் பக்கம் "எஃப்.எம்.முக்குப் புதுசா பிராசஸர் வந்திருக்குண்ணே, மாட்டிக் குடுங்க" என்று கூப்பிட்டால் முதலில் நான் பெட்டியைத் திறப்பதில்லை. எர்த் குழியைப் பார்ப்பேன். மணலில் இறக்கிய ஜி.ஐ. பைப் இங்கே சீக்கிரம் துருவேறி, கிளாம்ப் பிடி விட்டிருக்கும். எல்லாம் ஓடும்போது நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் நடுவே மல்டிமீட்டர் 2 வோல்ட்டுக்கு மேல் காட்டினால், எலக்ட்ரீசியனைக் கூப்பிட்டு அதைச் சரிபண்ணுங்கள். மிக்ஸர், பிராசஸர், டிரான்ஸ்மிட்டர் மூன்றுக்கும் ஒரே எர்த் இருக்கட்டும். இரைச்சல் வருகிறதென்று பிளக்கின் எர்த் பின்னைப் பிடுங்குகிற ஆளை ஸ்டுடியோவுக்குள்ளேயே விடாதீர்கள். ஷாக் அடித்தால் உயிர் போகும்.

வரிசை சுலபம்: மிக்ஸரின் மெயின் அவுட், பிராசஸர், டிரான்ஸ்மிட்டர். நடுவில் வேறு எதையும் செருகாதீர்கள்.

கேபிளில்தான் வேலை இருக்கிறது. ஈயம் பூசிய செம்புக் கம்பி உள்ள ஷீல்டு கேபிளையே (இரைச்சலைத் தடுக்கக் கம்பிகளைச் சுற்றி உலோக வலை உள்ளது) கேட்டு வாங்குங்கள். வெறும் செம்பாக இருந்தால், மேலே உறை புதுசுபோல் மினுங்கும். சீவிப் பார்த்தால் உள்ளே பச்சைக் களிம்பு ஏறி, ஷீல்டு விரலில் பொடியாக உதிரும். எக்ஸ்.எல்.ஆர். என்கிற மூன்று பின் கனெக்டரில் பின் 1 ஷீல்டு, 2 ஹாட் (சிக்னலின் நேர் பக்கம்), 3 கோல்ட் (cold, அதன் தலைகீழ் பக்கம்). முறுக்கிய ஷீல்டுக்கு ஸ்லீவ் போட்டுவிட்டுத்தான் சால்டர் வையுங்கள். பற்றவைத்த பிறகு ஃபிளக்ஸை (சால்டர் ஒட்டுவதற்கான பசை) துடைக்க வேண்டும், இல்லாவிட்டால் ஈரக்காற்றை அதுவே இழுத்து வைத்துக்கொள்ளும்.

இடது, வலது இரண்டில் ஒன்றில் மட்டும் 2-ம் 3-ம் மாறினால் ஹெட்போனில் பெரிதாகத் தெரியாது. ஆனால் வள்ளத்தில் தொங்குகிற ரேடியோவுக்கு ஸ்பீக்கர் ஒன்றுதானே? இரண்டு பக்கமும் கூடும்போது நடுவிலிருக்கிற அறிவிப்பாளர் குரல் அடிபட்டு, பின்னணி இசையின் மிச்சம்தான் கேட்கும். காற்று எச்சரிக்கை வாசிக்கிற நிலையத்தில் இது நடக்கக் கூடாது. மிக்ஸரில் ஒரே மைக்கைத் திறந்து, மோனோ ரேடியோவில் கேட்டுச் சோதியுங்கள்.

எர்த் சரியாக இருந்தும் கரண்டின் 50 ஹெர்ட்ஸ் உறுமல் நிற்கவில்லையா? சிக்னல் வாங்குகிற முனையில் மட்டும் ஷீல்டைக் கழற்றிப் பாருங்கள்.

பிராசஸரிலேயே ஸ்டீரியோ ஜெனரேட்டர் இருந்தால் எம்.பி.எக்ஸ். அவுட்டை (இடது, வலது இரண்டையும் ஒன்றாகச் சேர்த்த சிக்னல்) பி.என்.சி. கனெக்டர் உள்ள கேபிளில் டிரான்ஸ்மிட்டருக்குக் கொடுத்து, டிரான்ஸ்மிட்டரின் ஸ்டீரியோ என்கோடரை அணைத்துவிடுங்கள். ப்ரீ எம்ஃபசிஸ் (அனுப்பும் முன் கீச்சு ஒலிகளைத் தூக்கிவிடுவது) நம் நாட்டில் 50 மைக்ரோ செகண்ட். அதைப் பிராசஸரில் வைத்தால் டிரான்ஸ்மிட்டரில் 'ஃபிளாட்', அதாவது அங்கே தூக்கக் கூடாது. இரண்டிலும் வைத்தால் "செய்திகள்" என்று சொல்லும்போது 'ஸ்ஸ்' காதைக் கிழிக்கும். புது செட்டப்பில் நான் பார்க்கிற கோளாறில் பாதி இதுதான்.

ஆன்டெனாவோ, அதற்குப் பதிலாகப் பவரை வாங்கிக்கொள்கிற டம்மி லோடோ மாட்டாமல் டிரான்ஸ்மிட்டரை ஆன் பண்ண வேண்டாம். பாட்டை நிறுத்தினால் பைலட் (ஸ்டீரியோ வருகிறது என்று ரேடியோவுக்குச் சொல்கிற டோன்) மட்டும் மிஞ்சும். அது முழு அளவான 75 கிலோஹெர்ட்ஸில் 9 சதவீதம் என்றால், டீவியேஷன் மீட்டரில் (அலைவரிசை எவ்வளவு விலகுகிறது என்று காட்டுவது) 6.75 கிலோஹெர்ட்ஸ். பிறகு பிராசஸரின் டெஸ்ட் டோனை முழு அளவில் விட்டு, மொத்தம் 75 கிலோஹெர்ட்ஸுக்கு எம்.பி.எக்ஸ். அளவை வையுங்கள். இன்புட்டை, சாதாரணப் பேச்சுக்கு ஏ.ஜி.சி. (சத்தத்தைத் தானாகக் கூட்டிக் குறைக்கிற பகுதி) 10 டெசிபெல் அளவுக்குக் குறைப்பதுபோல் வைத்தால் போதும்.

சமுதாய வானொலிக்குப் பொதுவாக 50 வாட் டிரான்ஸ்மிட்டர்தான் அனுமதி. சத்தத்தை ஏற்றினால் தென்கடலில் இன்னும் தூரம் எட்டும் என்று நினைக்கிறார்கள். எட்டாது, பேச்சுதான் நசுங்கும். எல்லாம் முடிந்ததும் முன்பேனலுக்குப் பாஸ்வேர்ட் போட்டுவிடுங்கள். ராத்திரி ஷிப்டு தம்பிக்கு அந்த நாபைத் திருகாமல் தூக்கம் வராது.