வீட்டில் படிக்கும் பிள்ளையை ஆஸ்பத்திரிக்கு அனுப்பும்போது செய்யும் தவறுகள்

எங்கள் மகள் எட்டாம் வகுப்போடு பள்ளியை விட்டாள். இப்போது கடலூரில் வீட்டிலிருந்தபடியே என்.ஐ.ஓ.எஸ். என்கிற தேசியத் திறந்தவெளிப் பள்ளி வழியாகப் பன்னிரண்டாம் வகுப்பு படிக்கிறாள். டாக்டராக வேண்டுமாம். சரி, அதற்கு முன் ஓர் ஆஸ்பத்திரி காலையிலிருந்து மாலை வரை எப்படி ஓடுகிறதென்று பார்க்கட்டும் என்று கிளம்பினோம். அந்த முயற்சியில் நாங்கள் செய்யாத தவறு குறைவு.

முதலில், ஆஸ்பத்திரிக்குப் போனதற்கு சர்டிபிகேட் வாங்கும் ஆசை. இங்கே எம்.பி.பி.எஸ். சீட்டுக்கு நீட் மதிப்பெண்தான் கணக்கு. 2019 வரை தனித் தேர்வு நடத்திய புதுச்சேரி ஜிப்மர் மருத்துவக் கல்லூரியும் 2020 முதல் நீட்டுக்குள் வந்துவிட்டது. ஆஸ்பத்திரியில் நூறு நாள் நின்றாலும் ஒரு மார்க்கூட ஏறாது. வெளிநாட்டில் படிக்க நினைப்பவர்களுக்குக் கதை வேறு. பிரிட்டனில் நேர்காணலில் இதைப் பற்றித் துருவிக் கேட்பார்கள். அங்கேயும் எத்தனை நாள் போனாய் என்பதைவிட என்ன பார்த்தாய், அதிலிருந்து என்ன புரிந்தது என்பதுதான் கேள்வி. சர்டிபிகேட்டுக்கு அலையும் நேரத்தில் பாடங்களைச் சரிபாருங்கள். இயற்பியல், வேதியியல், உயிரியலோடு ஆங்கிலமும் எடுத்திருக்க வேண்டும். திறந்தவெளிப் பள்ளி மாணவர்களை நீட்டிலிருந்து விலக்கிய விதியை டெல்லி உயர் நீதிமன்றம் 2018இல் ரத்து செய்தது. ஆனாலும் ஒவ்வோர் ஆண்டும் நீட் தகவல் கையேட்டை நீங்களே ஒருமுறை படித்துவிடுங்கள். வீட்டில் படிக்கும் பிள்ளைக்கு இதை நினைவுபடுத்த ஒரு கிளாஸ் டீச்சர் கிடையாது.

அடுத்தது, போனால் பெரிய இடத்துக்குத்தான் போவது என்கிற பிடிவாதம். பஸ் ஏறினால் புதுச்சேரி கோரிமேடு, அங்கே ஜிப்மர் என்று நாங்களும் நினைத்தோம். போதனா மருத்துவமனையில் ஒரு கட்டிலைச் சுற்றி ஏற்கெனவே மருத்துவ மாணவர்களும் பயிற்சி டாக்டர்களும் நிற்கிறார்கள். அவர்களுக்குப் பின்னால் பதினாறு வயதுப் பிள்ளைக்கு முதுகுகள்தான் தெரியும். மூன்று நர்ஸுகள் உள்ள ஒரு சின்ன கிளினிக்கில் வாரம் இரண்டு காலை, ஆறு மாதம் போனால் கிடைப்பது அதைவிட அதிகம்.

கண் முகாம்களை யாரும் யோசிப்பதில்லை. புதுச்சேரி போகும் வழியில் தவளக்குப்பத்தில் இருக்கும் அரவிந்த் போன்ற கண் மருத்துவமனைகள் ஊர் ஊராக முகாம் போடுகின்றன. டாக்டர்களும் கருவிகளும் மருத்துவமனையிலிருந்து வரும். இடம், பந்தல், கூட்டம் சேர்ப்பதெல்லாம் பெரும்பாலும் உள்ளூர் அமைப்புகளின் வேலை. ஆகவே ஆள் தேவைப்படுவது அவர்களுக்கு. ஆஸ்பத்திரி வாசலில் நிற்காமல், முகாம் நடத்தும் லயன்ஸ், ரோட்டரிக்காரர்களிடம் கேளுங்கள். கண்ணில் பாவையை விரிக்கும் சொட்டு மருந்து விட்டபின் பல மணி நேரம் பார்வை மங்கியே இருக்கும். அந்தப் பாட்டிகளைக் கைப்பிடித்து அடுத்த வரிசைக்குக் கூட்டிப்போக ஆள் வேண்டும். ரத்ததான முகாமும் அப்படித்தான். பதினெட்டு வயது ஆகாமல் ரத்தம் கொடுக்க முடியாது. ஆனால் கொடுத்துவிட்டு எழுந்தவருக்கு ஜூஸ் கொடுத்து, தலை சுற்றுகிறதா என்று பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொள்ளலாம்.

அப்புறம் கடிதம். நாங்கள் முதலில் எழுதியது இரண்டு பக்கம்: பாட்டியின் நோய், சிறுவயதுக் கனவு எல்லாம். யாரும் படிக்கவில்லை. இரண்டாவது முறை அரைப் பக்கம்: வயது, என்.ஐ.ஓ.எஸ். சேர்க்கை எண், எந்த நாள், எத்தனை மணி நேரம், பெற்றோர் கையெழுத்து. அது வேலை செய்தது. இடையில் தெரிந்தவர் ஒருவர், "எங்க ஸ்கூல் லெட்டர் பேட்ல ஒண்ணு வாங்கித் தரேன், அங்க படிக்கிறதா போட்டுக்கலாம்" என்றார். வேண்டாம். பொய் வெளியில் வந்தால் அடுத்து வருகிற பிள்ளைக்கும் கதவு மூடும். வீட்டில் படிக்கிறேன் என்று சொன்னால் இரண்டு கேள்வி கூடக் கேட்பார்கள், அவ்வளவுதான்.

உள்ளே போனபின் செய்யும் பெரிய தவறு, கை வைப்பது. "சும்மா பி.பி. பாரும்மா" என்று அன்பாகவே சொல்வார்கள். வேலை நெருக்கடியில் ஊசிகூடப் போடச் சொல்லிவிடுவார்கள். "நான் பார்க்க மட்டும்தான் வந்தேன் சிஸ்டர்" என்கிற வாக்கியத்தை வீட்டிலேயே சொல்லிப் பழகிவிட்டுப் போகட்டும். திரையை இழுத்தால் யாரும் சொல்லாமலே வெளியே வந்துவிட வேண்டும். நோயாளியிடம் கேட்காமல் அறைக்குள் நிற்கக் கூடாது. கேட்டு, அவர் தயங்கினாலும் வெளியேதான். ரத்தம் வழியாகவும் பரவும் கல்லீரல் நோயான ஹெபடைடிஸ் பி-க்குத் தடுப்பூசி போடாதவர்கள் முன்கூட்டியே தொடங்க வேண்டும். 0, 1, 6 மாதம் என்று மூன்று தவணை. நம் வீட்டுக்கல்வி வட்டத்தில் தடுப்பூசியைத் தள்ளிப்போட்ட குடும்பங்கள் உண்டு என்பதால் சொல்கிறேன்.

வெறும் வயிற்றோடு அனுப்பாதீர்கள். மகள் முதல் நாளே காபி மட்டும் குடித்துவிட்டுப் போய், புண்ணுக்குக் கட்டு மாற்றுவதைப் பார்த்துச் சரிந்துவிட்டாள். கண் இருட்டினால் சுவரைப் பிடித்துக்கொண்டு சமாளிக்கப் பார்க்காமல் உடனே தரையில் உட்கார்ந்துவிட வேண்டும். ஆயாம்மா ஒருவர் தண்ணீர் கொடுத்து, "டாக்டருங்களும் விழுந்திருக்காங்க கண்ணு" என்றாராம்.

கடைசியாக, என் சொந்தத் தவறு. போனை வெளியே எடுக்காதே, செல்பி கூடாது என்றெல்லாம் அவளுக்குப் பாடம் எடுத்தவள் நான்தான். இரண்டாவது வாரம் இட்லி சாப்பிட்டுக்கொண்டே, "தெருமுனைக் கடை மாமா வந்திருந்தாரும்மா, சர்க்கரை நானூறாம்" என்றாள். நான் உடனே, "அடடா, கால்ல ஏதாவது புண்ணா?" என்று கேட்டேன். அவள் சொன்னாள். மறுநாள் அவர் கடையில் தேங்காய் வாங்கும்போது என் கண் தானாக அவர் காலுக்குப் போனது. அவரும் அதைப் பார்த்தார்.

அன்று ராத்திரி அவள் நோட்டை வாங்கிப் பார்த்தேன். பக்கத்துக்குப் பக்கம் பெயர், தெரு, நோய். அத்தனையும் கிழித்தோம். இப்போது தேதி, நேரம், ஒரு கேள்வி மட்டும் எழுதுகிறாள். போன வாரத்துக் கேள்வி: "மாத்திரை எப்போ சாப்பிடணும்னு டாக்டர் ரெண்டு தடவை சொன்னார். வெளியே வந்ததும் ஏன் என்கிட்ட மறுபடி கேட்டாங்க?"