கர்னல் பேட்ச் ஒன்றை கிட் கிளையில் வைத்துச் சோதிப்பது எப்படி?

லேப்டாப்பை மூடித் திறந்தால் வைஃபை வரவில்லை. அதற்கு ஒரு டெவலப்பர் லினக்ஸ் கர்னலுக்கான (இயங்குதளத்தின் மையப்பகுதி) பேட்ச் ஒன்றை, அதாவது நிரலில் செய்ய வேண்டிய திருத்தத்தை, மெயிலில் அனுப்பி, சோதித்துச் சொல்லச் சொன்னார். கடலூரில் என் வீட்டு மேசையில் அதைச் செய்து முடித்த வழி இது. கட்டளைகளை இங்கே தமிழில் எழுதுகிறேன். டெர்மினலில் ஆங்கில எழுத்தில் அடியுங்கள். கிட் (நிரலில் நடக்கும் மாற்றங்களைப் பதிந்து வைக்கும் கருவி), கம்பைலர் எல்லாம் தயாராக இருக்கட்டும்.

முதலில் லினக்ஸ் ஸ்டேபிள் ரெப்போவை (கர்னல் நிரல் இருக்கும் களஞ்சியம்) குளோன் செய்யுங்கள், அதாவது உங்கள் கணினிக்கு நகலெடுங்கள். பேட்ச் மட்டும் சோதிக்க, வேண்டிய டேகை (ஒரு பதிப்பின் அடையாளப் பெயர்) டெப்த் 1 போட்டு, பழைய வரலாறு இல்லாமல் எடுத்தாலே போதும். எந்த மாற்றத்தால் பிழை வந்தது என்று தேடும் கிட் பைசெக்ட் செய்வதாக இருந்தால் முழு வரலாறும் வேண்டும். அது ஜிபி கணக்கில் இறங்கும், இரவில் போட்டுவிடுங்கள்.

அப்புறம் அந்த டேகிலிருந்து இரண்டு கிளைகள் (ஒரே நிரலின் தனித்தனி வடிவங்கள்): கிட் ஸ்விட்ச் -சி பேஸ், கிட் ஸ்விட்ச் -சி ஃபிக்ஸ். பேட்ச் ஃபிக்ஸில் மட்டும் ஏற வேண்டும். பேஸை பில்ட் செய்யாமல் விட்டுவிடாதீர்கள். என் லேப்டாப்பில் இருக்கும் உபுண்டுவோடு வந்த கர்னல் வேறு, நீங்கள் எடுத்த டேக் வேறு. அந்த டேகிலேயே பிழை சரியாகியிருந்தால், பேட்ச் வேலை செய்ததா இல்லையா என்று எப்படித் தெரியும்? பேஸில் வைஃபை போக வேண்டும், ஃபிக்ஸில் வர வேண்டும். இரண்டையும் பார்த்த பிறகுதான் பதில் எழுத வேண்டும்.

பேட்சை எடுக்க நான் பி4 கருவியைத்தான் சொல்வேன். ஃபிக்ஸ் கிளையில் நின்று, பி4 ஷாஜாம் என்று போட்டு அந்த பேட்ச் மெயிலின் மெசேஜ் ஐடியைக் கொடுத்தால், தொடரில் உள்ள பேட்ச்களை வரிசையாகக் கிளையில் ஏற்றிவிடும். மெயிலிலிருந்து காப்பி எடுத்து ஒட்டினால் டேப் எல்லாம் ஸ்பேஸாக மாறி, பேட்சை ஏற்றும் கிட் ஏஎம் கட்டளை அதை ஏற்காது.

இப்போது கான்ஃபிக், அதாவது கர்னலில் எவையெல்லாம் இருக்க வேண்டும் என்ற பட்டியல். பூட் கோப்புறையில் இருக்கும், இப்போது ஓடும் கர்னலின் கான்ஃபிக் கோப்பை டாட் கான்ஃபிக் என்ற பெயரில் கொண்டுவந்து, மேக் லோக்கல்மாட்கான்ஃபிக் கொடுங்கள். அந்த நேரத்தில் லோடாகியிருக்கும் மாட்யூல்களை (டிரைவர் போன்ற கர்னல் துண்டுகள்) மட்டுமே அது வைத்துக்கொள்ளும். எனவே பென் டிரைவ், பிரிண்டர், யூஎஸ்பி வைஃபை எல்லாவற்றையும் முதலிலேயே செருகுங்கள்.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். டாட் கான்ஃபிக்கை கிட் கண்காணிப்பதில்லை. கிளை மாறினாலும் அது மாறாது, அதில் உள்ள லோக்கல்வெர்ஷனும் (கர்னல் பெயரின் கடைசியில் சேரும் ஒட்டு) மாறாது. ஆகவே கிளை மாறும் ஒவ்வொரு முறையும் ஸ்கிரிப்ட்ஸ் கோப்புறையில் உள்ள கான்ஃபிக் கருவியால் லோக்கல்வெர்ஷனை "-பேஸ்" அல்லது "-ஃபிக்ஸ்" என்று மாற்றிவிட்டுத்தான் மேக் கொடுக்க வேண்டும். இல்லாவிட்டால் இரண்டாவது கர்னலும் முதலாவதன் ஒட்டோடேயே வந்து, எது எது என்று குழப்பும்.

சரி, பில்ட் முடிந்த பிறகு வழக்கம்போல மேக் மாட்யூல்ஸ் இன்ஸ்டால், மேக் இன்ஸ்டால். பழைய கர்னலை நீக்க வேண்டாம். புதியது பூட் ஆகாவிட்டால், தொடக்கத்தில் கர்னலைத் தேர்ந்தெடுக்கும் கிரப் மெனுவில் அதுதான் கைகொடுக்கும். கையொப்பம் இல்லாத கர்னலைத் தடுக்கும் செக்யூர் பூட் இருந்தால் அணைத்துவிடுங்கள். உள்ளே வந்ததும் முதல் வேலை, ஓடும் கர்னலின் பெயரைக் காட்டும் யூநேம் -ஆர். பெயர் சரியாக இருந்தால் மட்டும் லேப்டாப்பை மூடித் திறந்து பாருங்கள், பல முறை.

டெவலப்பருக்கு டெஸ்டட்-பை வரியோடு (சோதித்தவர் பெயரும் மெயிலும்) லேப்டாப் மாடல், டேக், பேஸில் நடந்தது, ஃபிக்ஸில் நடந்தது எல்லாம் எழுதுங்கள். வெறும் எழுத்து மெயில், ரிப்ளை ஆல்.

பின்சேர்க்கை: நெல்லிக்குப்பம் நண்பர் ஒருவருக்கு மழையில் பில்ட் நடுவே கரண்ட் போய்விட்டது. மேக் மறுபடி கொடுத்தால் விட்ட இடத்திலிருந்து தொடரும். லிங்க் ஆகும்போது பிழை வந்தால், காலியாக நிற்கும் டாட் ஓ கோப்புகளை (கம்பைலர் உருவாக்கும் இடைநிலைக் கோப்புகள்) அழித்துவிட்டு மீண்டும் கொடுங்கள். சான்றிதழ் கோப்பு இல்லை என்று பில்ட் நின்றால், கான்ஃபிக்கில் சிஸ்டம் டிரஸ்டட் கீஸ், ரெவோகேஷன் கீஸ் இரண்டையும் காலியாக்குங்கள்.